சிடி4 குறைந்தவர்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்று: கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள், அவர்களைப் பக்கத்தில் இருந்து கவனிக்கும் குடும்பத்தினர், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்திலும் லேபிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிகிச்சையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே விஷயம். இந்தத் தொற்றுகளில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. ஆனால் சரியான பரிசோதனையை யாரும் எழுதித் தராததாலும், எழுதும்போது நாள் கடந்துவிடுவதாலும் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் போகின்றன. அதனால் எந்தப் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

‘முற்றிய எச்.ஐ.வி.’ என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன? இனி ஒன்றும் செய்ய முடியாதா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 அணுக்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) 200க்குக் கீழே இருந்தால் அது முற்றிய நிலை. அல்லது அந்த நிறுவனம் வகுத்த 3, 4ஆம் நிலை நோய்களில் ஏதாவது ஒன்று வந்திருந்தாலும் அப்படித்தான் கொள்வார்கள். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில், ஓராண்டுக்கு மேல் எச்.ஐ.வி. மாத்திரை எடுத்து நன்றாகத் தேறியவர்களைத் தவிர மற்ற எல்லோரையும் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பார்கள்.

இது கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை. சிடி4 20, 30 என்ற அளவில் வந்தவர்கள் மாத்திரை எடுத்து 400, 500 என்று ஏறி, வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். ஆனால் அந்த ஏற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அது வரையிலான இடைவெளிதான் ஆபத்தான காலம். பூஞ்சை அந்த நேரத்தில்தான் தலைதூக்கும்.

வைரல் லோடு பார்க்கிறார்களே, அது போதாதா? சிடி4 எதற்குத் தனியாக?

இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. மாத்திரை வேலை செய்கிறதா என்று காட்டுவது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு. இன்றைக்கு உங்கள் உடம்பு எதையெல்லாம் தாங்கும், எதைத் தாங்காது என்று காட்டுவது சிடி4.

முன்பெல்லாம் சிடி4 இவ்வளவுக்குக் கீழே போனால்தான் கூட்டு மருந்து சிகிச்சை என்று இருந்தது. அதனால் எல்லோருக்கும் கட்டாயம் பார்த்தார்கள். 2017 முதல் இந்தியாவில் தொற்று உறுதியானாலே சிடி4 எவ்வளவு இருந்தாலும் மாத்திரை தொடங்கலாம் என்று ஆனது. மிக நல்ல முடிவு. ஆனால் அதன் பக்கவிளைவாக, உலகின் பல நாடுகளில் சிடி4 பார்க்கும் வழக்கம் தளர்ந்துபோனது. ஆளைப் பார்த்தே ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று முடிவு செய்வது எவ்வளவு தவறு என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சிடி4 100க்குக் கீழே இருப்பவர்களில் கணிசமானவர்கள் தாமாக நடந்து வருவார்கள், சிரித்துப் பேசுவார்கள், எடை கூட அவ்வளவு குறைந்திருக்காது.

ஆகவே புதிதாகத் தொற்று தெரிந்தவர், இடையில் மாத்திரையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், மாத்திரை எடுத்தும் வைரல் லோடு குறையாதவர், உடம்பு முடியாமல் போனவர் என இந்த நான்கு பேருக்கும் சிடி4 பார்த்தே ஆக வேண்டும். பெரிய இயந்திரம் இல்லாத இடத்துக்கு, எண்ணிக்கை சொல்லாமல் 200க்கு மேலா கீழா என்று மட்டும் காட்டும் துரிதக் கருவிகளும் வந்துவிட்டன. முடிவெடுக்க அதுவே போதும்.

எந்த அளவில் எந்தப் பூஞ்சை வரும்?

ஒரு மதிப்பீடாக மட்டும் சொல்லலாம். வாயில் கேண்டிடா 200க்கு மேலேயும் வரலாம். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா பெரும்பாலும் 200க்குக் கீழே. ஹிஸ்டோபிளாஸ்மா உடம்பெங்கும் பரவுவது 150க்குக் கீழே. கிரிப்டோகாக்கஸ் மூளை உறைக் காய்ச்சலும் டாலரோமைசிஸும் 100க்குக் கீழே. கோடு தாண்டி வருபவர்களும் உண்டு. அப்புறம், ஒருவருக்கு ஒரு நோய்தான் என்ற விதி இந்த நிலையில் கிடையாது. டி.பி.யும் கிரிப்டோகாக்கஸும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் கண்டுபிடிக்கப்படுவது அரிதல்ல.

வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. லேபுக்கு அனுப்ப வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. பார்த்தாலே தெரியும். நாக்குக் கட்டையாலோ காஸ் துணியாலோ வழித்தால் வெள்ளைப் படலம் கையோடு வரும். அடியில் சிவந்து, சில சமயம் லேசாக ரத்தம் கசியும். அது கேண்டிடா. நாக்கின் ஓரத்தில் கோடு கோடாக இருந்து, வழித்தாலும் வராமல் இருந்தால் அது பூஞ்சையல்ல, வேறொரு வைரஸால் வருவது. சந்தேகம் இருந்தால் வழித்ததைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும்.

சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சுக்குப் பின்னால் வலித்தால் உணவுக்குழாய் வரை இறங்கிவிட்டது என்று பொருள். உடனே எண்டோஸ்கோபிக்கு ஓட வேண்டாம். ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டால் அப்போது எண்டோஸ்கோபி செய்து, சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்; சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்ப்பிஸ் என வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ ஒரு பெரியவர் வாயில் காரணமில்லாமல் இந்த வெள்ளைப் படலத்தைப் பார்த்தால், மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. சர்க்கரை அளவையும், அவர் சம்மதத்தோடு எச்.ஐ.வி.யையும் பார்க்க வேண்டும். சிலருக்கு முதல் தடயமே இதுதான்.

பத்து நாளாகத் தலைவலி, லேசாகக் காய்ச்சல். மாத்திரை போட்டால் குறைகிறது, திரும்ப வருகிறது. பயப்பட வேண்டுமா?

சிடி4 குறைவாக இருக்கும் ஒருவருக்கு என்றால், ஆமாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுதப் போவதும் இதைப் பற்றித்தான்.

கிரிப்டோகாக்கஸ் என்பது ஒரு ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நுரையீரல் வழியாக உள்ளே போய், எதிர்ப்பு சக்தி விழுந்ததும் மூளை உறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலைப் போல ஒரே நாளில் கழுத்து விறைத்து, ஜன்னி கண்டு விழச் செய்யாது. தலைவலி ஒரு வாரம், இரண்டு வாரம் இழுக்கும். கழுத்து விறைப்பே இல்லாமல் இருக்கலாம். பிறகு வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, காது மந்தம், வீட்டில் இருப்பவர்களிடம் சம்பந்தமில்லாமல் பேசுவது. குடும்பத்தினர் ‘பேச்சே மாறிப்போச்சு டாக்டர்’ என்று சொல்லும்போது ஏற்கெனவே நிலைமை கடுமையாகியிருக்கும்.

ஒற்றைத் தலைவலி, சைனஸ், ‘டென்ஷன்’ என்று பெயர் வைத்து நாள் கடத்தப்படுவது இங்கேதான். 2020ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,52,000 பேருக்கு இந்த மூளை உறைக் காய்ச்சல் வருகிறது. 1,12,000 பேர் இறக்கிறார்கள். எய்ட்ஸ் சார்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில், மிக அவசரம் என்ற முதல் பிரிவில் இதை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க என்ன பரிசோதனை? பெயர் என்ன?

கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென். பேச்சில் ‘கிராக்’ என்பார்கள். இந்தப் பெயரைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து கழன்று ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் மிதக்கும் சர்க்கரைப் பொருளைத் தேடும் பரிசோதனை இது. ஒரு சிறு ட்யூபில் கரைசல் ஒரு சொட்டு, நோயாளியின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 40 மைக்ரோலிட்டர், அதில் ஒரு ஸ்ட்ரிப். பத்து நிமிடம். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. பெரிய இயந்திரமோ மைக்ராஸ்கோப்போ வேண்டாம். உணர்திறனும் நம்பகத்தன்மையும் மிக அதிகம்.

லேபில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ‘தெரிந்தும் தெரியாமல் இருக்கிறது’ என்று நெகட்டிவ் எழுதாதீர்கள். அடுத்தது, பூஞ்சை மிக அதிகமாக இருந்தாலும் கோடு வராமல் போகலாம். ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருப்பதால் ஸ்ட்ரிப்பில் உள்ள எதிர்ப்பொருள்கள் தனித்தனியாகவே நிரம்பிவிடும், கோடு சேராது. ஆள் படுக்கையில் குழப்பத்தோடு கிடக்கிறார், ஸ்ட்ரிப் மட்டும் நெகட்டிவ் என்றால், மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி போடுங்கள்.

எனக்குத் தலைவலியே இல்லை. எதற்கு இந்தப் பரிசோதனை எழுதினார்கள்?

எழுதிய மருத்துவருக்கு நன்றி சொல்லுங்கள். தலைவலி தொடங்குவதற்குச் சராசரியாக மூன்று வாரத்துக்கு முன்பே ஆன்டிஜென் ரத்தத்தில் தெரிந்துவிடும். உகாண்டாவில் நடந்த ஆய்வு ஒன்றில் அது 22 நாள் என்று கண்டார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் முன்பே. அந்த மூன்று வாரம் நம் கையில் இருக்கும் வாய்ப்பு.

சிடி4 100க்குக் கீழே உள்ள எல்லோருக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட்டு மருந்து தொடங்கும் முன்னரோ மீண்டும் தொடங்கும் முன்னரோ இதைப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 200க்குக் கீழே உள்ளவர்களுக்கும் பார்க்கலாம் என்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2016 முதல் ஓர் அருமையான ஏற்பாடு செய்தார்கள். சிடி4க்காக எடுத்த ரத்தத்தில் எண்ணிக்கை 100க்குக் கீழே வந்தால், மீதியிருக்கும் அதே ரத்தத்தில் லேபே தானாகக் கிராக் பார்த்துவிடும். மருத்துவர் தனியாக எழுத வேண்டாம், நோயாளி மறுபடி பஸ் பிடித்து வர வேண்டாம். என்னைக் கேட்டால், நம் ஊர் ஏ.ஆர்.டி. மையங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த ஒரு ஏற்பாடு வர வேண்டும். யாரும் மறக்க முடியாதபடி வேலையை அமைப்பதுதான் சரியான வழி.

ரத்தத்தில் பாசிட்டிவ். ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றால்?

‘ஒன்றும் செய்யவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. அறிகுறியே இல்லாமல் ரத்தத்தில் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு முதுகில் நீர் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளை உறையிலும் பூஞ்சை இருந்தது. அதனால் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இல்லையென்றால் ஃப்ளுகோனசோல் மாத்திரையோடு நிற்கும். இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஊசி. இரண்டும் வேறு வேறு பாதை.

வசதி இருந்தால் ரத்தத்தில் ஆன்டிஜென் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் பாசிட்டிவ் வந்தால், மூளை வரை போயிருக்கும் வாய்ப்பு அதிகம்.

முதுகுத்தண்டில் தண்ணீர் எடுத்தால் கால் போய்விடும் என்கிறார்களே?

வார்டில் இந்தப் பயத்தைப் போல உயிர்களைப் பறித்தது வேறொன்றில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்டுவடம் பெரியவர்களுக்கு முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், அல்லது அதற்கும் கீழே. அந்த இடத்தில் தண்டுவடமே இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன, ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் செய்வார்கள். ஓரிரு நாள் தலைவலி, முதுகில் கொஞ்சம் வலி இருக்கலாம். ‘நீர் எடுத்தார்கள், அப்புறம் இறந்துவிட்டார்’ என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில், அநேகமாக நீர் எடுக்கத் தாமதித்ததுதான் நடந்திருக்கும். ஒரு கை கால் வராமல் போயிருந்தாலோ, வலிப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ முதலில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். இவை இல்லாதவருக்கு ஸ்கேனுக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம்: இந்த நோயில் நீர் எடுப்பது வெறும் பரிசோதனை இல்லை, சிகிச்சையும் அதுதான். பூஞ்சையும் அதன் உறையும் நீர் வடியும் பாதையை அடைத்துக்கொள்வதால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலைவலிக்கும், இரட்டைப் பார்வைக்கும், கண் பார்வை போவதற்கும் இதுதான் காரணம். ஊசி உள்ளே போனதும் முதலில் அழுத்தத்தை அளக்க வேண்டும். அளவுகோல் பொருத்திய மானோமீட்டர் இல்லையென்றால், குளுக்கோஸ் ஏற்றும் ட்யூபை ஊசியில் மாட்டி நிமிர்த்திப் பிடித்து, நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று ஸ்கேலால் அளந்தாலும் போதும். 20 சென்டிமீட்டர் வரை சாதாரணம். 25க்கு மேல் என்றால் 20, 30 மில்லி வரை வடிக்கிறார்கள். வடித்த அரை மணி நேரத்தில் ‘தலை பாரம் இறங்கிடுச்சு’ என்று நோயாளியே சொல்வதைக் கேட்கலாம். முதல் முறை அழுது அடம்பிடித்தவர், இரண்டு நாள் கழித்துத் தலைவலி ஏறியதும் ‘இன்னொரு தடவை எடுத்துவிடுங்க’ என்று தாமே கேட்பார். குடும்பத்தினர் கையெழுத்துப் போட மறுக்கும்போது, இதைச் சொல்லிப் புரியவைக்க பத்து நிமிடம் ஒதுக்குவது அந்த வார்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இந்தியா இங்க் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. அப்படியானால் இல்லைதானே?

இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஸ்லைடில் தண்டுவட நீர் ஒரு சொட்டு, கறுப்பு மை ஒரு சொட்டு கலந்து, மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் இது. மை பூஞ்சையின் உறைக்குள் நுழையாது. அதனால் கறுப்புப் பின்னணியில் வட்டமான செல்லும், அதைச் சுற்றி விளிம்பு தெளிவான வெள்ளை வளையமும் தெரியும். மொட்டு விட்ட செல் ஒன்று கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை. நீரைச் சுழலியில் சுற்றி அடியில் படிந்ததை எடுத்துப் பார்த்தால் அகப்படும் வாய்ப்பு கூடும். மையை அதிகம் விட்டால் எல்லாம் இருண்டுபோகும். லிம்போசைட் அணுவையும் காற்றுக் குமிழியையும் பூஞ்சை என்று எண்ணிவிடுபவர்களும் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் விளிம்பில் மங்கிப் போகும், உள்ளே செல்சுவர் தெரியாது.

பழக்கப்பட்ட கண் பார்த்தாலும், பூஞ்சை குறைவாக இருக்கும் தொடக்க நாட்களில் இது தவறவிடும். பத்து நோயாளிகளில் ஒருவர் இருவரையாவது இது விட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்; அந்த ஒருவர் இருவர்தான் சீக்கிரம் வந்தவர்கள், காப்பாற்ற வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். அதனால் மை மட்டும் பார்த்து முடிக்காமல், அதே நீரில் ஆன்டிஜெனும் கல்ச்சரும் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது) போட வேண்டும். சபுரோ அகார் என்ற வளர்ப்புத் தட்டில் சில நாட்களில் வெண்ணெய் நிறத்தில் வழவழப்பான கூட்டங்கள் வரும்.

தண்டுவட நீரில் செல், சர்க்கரை, புரதம் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் ஏமாந்துவிட வேண்டாம். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பு எதிர்ப்பைக் காட்டாது. நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்து, உள்ளே பூஞ்சை நிறைந்திருப்பது உண்டு.

மாடியில் புறா இருக்கிறது. அதனால்தான் வந்ததா? வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை வளரும் என்பது உண்மை. ஆனால் மண்ணிலும் மரப்பொந்துகளிலும்கூட இருக்கிறது; நம்மில் பலர் எப்போதோ சுவாசித்திருப்போம். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. தட்டு, டம்ளர், பாய் எதையும் தனியாக வைக்க வேண்டாம்.

மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எப்படி?

நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவில் இப்படி நடக்கும். 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர்கள் ஐந்து பேரைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இந்த நோயைப் பற்றியதுதான். எய்ட்ஸ் உலகுக்குத் தெரிய வந்தது அங்கிருந்து. அப்போது இந்தக் கிருமியை ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்றுதான் நினைத்தார்கள். 1988இல் மரபுப்பொருளைப் பார்த்தபோது பூஞ்சை என்று தெரிந்தது. ஆனாலும் வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளுகோனசோல் இதனிடம் பலிக்காது. கோட்ரைமாக்சசோல்தான் வேலை செய்யும்.

சளி வராத வறட்டு இருமல், காய்ச்சல், இரண்டு மூன்று வாரமாகக் கூடிக்கொண்டே போகும் மூச்சிரைப்பு. ஸ்டெதஸ்கோப்பில் பெரிதாக ஒன்றும் கேட்காது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். இங்கே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போல உதவும் கருவி வேறில்லை. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும். மாட்டியபடியே வராந்தாவில் ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள். 88க்கு இறங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கோட்ரைமாக்சசோல் தடுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். சாப்பிடாதவர் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உறுதி செய்வதற்கு, சாதாரணமாகத் துப்பும் சளி உதவாது. உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து வரவழைத்த சளியோ, பிராங்கோஸ்கோபியில் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரோ வேண்டும். அதில் வெள்ளிச் சாயம், ஒளிரும் எதிர்ப்பொருள் சாயம், அல்லது கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். கல்ச்சரில் வளர்க்கும் வழக்கமான முறை எதுவும் இதற்கு இல்லை. பி.சி.ஆர். அளவுக்கு மீறி நுட்பமானது. நோயில்லாமல் சும்மா தங்கியிருக்கும் கிருமியையும் காட்டிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. மருந்து தொடங்கிப் பல நாள் ஆன பின்னும் கிருமி சளியில் தெரியும். முதலில் மருந்து, பிறகு பிராங்கோஸ்கோபி என்றாலும் ரிசல்ட் கெட்டுப்போகாது.

டி.பி. மாத்திரை ஒன்றரை மாதமாகச் சாப்பிடுகிறார். காய்ச்சலும் இறங்கவில்லை, எடையும் ஏறவில்லை. வேறு என்ன பார்ப்பது?

நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு நீண்ட காய்ச்சல் என்றால் முதலில் டி.பி.யைத் தேடுவது சரிதான். தவறு எங்கே நடக்கிறதென்றால், சளியிலும் சிறுநீர் பரிசோதனையிலும் டி.பி. கிருமி காட்டாமல், எக்ஸ்ரேயையும் நிணநீர்க்கட்டியையும் வைத்தே டி.பி. என்று தொடங்கிவிட்டு, குணமாகாதபோது மருந்துக்கு அடங்காத டி.பி. என்று அடுத்த படிக்குப் போவதில். அங்கே நின்று, பூஞ்சையாக இருக்குமா என்று ஒரு முறை கேட்க வேண்டும்.

ஹிஸ்டோபிளாஸ்மா டி.பி.யைப் போலவே இருக்கும். காய்ச்சல், எடை இழப்பு, வீங்கிய கல்லீரல் மண்ணீரல், நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், சதைத்துணுக்கில் அதே மாதிரியான கட்டிகள். ரத்தத்தில் மூன்று வகை அணுக்களும் குறைந்திருப்பது, ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எச்., ஃபெரிட்டின் என்ற அளவுகள் மிக அதிகமாக இருப்பது, வாயில் ஆறாத புண் ஆகியவை சந்தேகத்தைத் தூண்ட வேண்டும். இந்தியாவில் கங்கைச் சமவெளியில், குறிப்பாக மேற்கு வங்கத்தில் அதிகம் என்றாலும் மற்ற மாநிலங்களிலிருந்தும் பதிவாகியிருக்கிறது.

சிறுநீரில் ஹிஸ்டோபிளாஸ்மா ஆன்டிஜென் பார்ப்பதுதான் விரைவான வழி. உடம்பெங்கும் பரவிய நோயில் பெரும்பாலும் பிடித்துவிடும். அது கிடைக்காத இடத்தில் எலும்பு மஜ்ஜை எடுத்து, சாயமிட்ட ஸ்லைடில் அணுவிழுங்கிச் செல்களுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் குட்டி ஈஸ்ட்கள் இருக்கின்றனவா என்று பொறுமையாகத் தேட வேண்டும். காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோயின் கிருமியும் இதே இடத்தில் இதே அளவில் இருக்கும். அதற்குள் கூடுதலாக ஒரு குச்சி போன்ற புள்ளி உண்டு. கல்ச்சருக்கு நான்கைந்து வாரம் கூட ஆகலாம். அனுப்பும் சீட்டில் ‘ஹிஸ்டோபிளாஸ்மா சந்தேகம்’ என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் லேப் ஒரு வாரத்தில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அதோடு, இந்தப் பூஞ்சை தட்டில் வளர்ந்துவிட்டால் திறப்பவருக்கும் ஆபத்து, அவர்கள் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்.

பூஞ்சை என்று தெரிந்து இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மருந்து தொடங்கினால், டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் அதன் அளவை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

முகத்தில் பரு மாதிரி, நடுவில் தொப்புள் போலக் குழி விழுந்து நிறைய வந்திருக்கிறது. தோல் டாக்டரிடம் போனால் போதுமா?

காய்ச்சலும் எடை இழப்பும் இல்லாவிட்டால் மொலஸ்கம் என்ற சாதாரண வைரஸாக இருக்கலாம். காய்ச்சல் இருந்தால், அது தோல் நோய் அல்ல. கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, டாலரோமைசிஸ் மூன்றும் இப்படித் தோன்றும். கொப்புளத்தைச் சுரண்டி ஒரு ஸ்லைடு, கொஞ்சம் கல்ச்சர், ரத்தத்தில் கிராக். அன்றைக்கே செய்யக்கூடியவை.

டாலரோமைசிஸ் மார்னெஃபை வியட்நாமில் 1956இல் மூங்கில் எலி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தாய்லாந்து, வியட்நாம், தென் சீனா, இந்தியாவில் மணிப்பூர் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதி ஆகியவை இதன் இடம். 25 டிகிரியில் சிவப்பு நிறம் பரப்பும் பூசணமாகவும், 37 டிகிரியில் ஈஸ்டாகவும் வளரும். கிரிப்டோகாக்கஸ் போல மொட்டு விடாது. நடுவில் குறுக்குச்சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும். ஸ்லைடில் அந்தக் குறுக்குக்கோடுதான் அடையாளம்.

அதனால் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் மட்டும் போதாது, எங்கெல்லாம் இருந்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கிருந்து சென்னைக்கு உறவினர் வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தவரின் முகவரியில் சென்னை என்று மட்டும் எழுதினால் இந்த நோய் யாருக்கும் தோன்றாது. படைப்பணியில் வடகிழக்கில் இருந்தவர்களும் அப்படித்தான்.

எல்லாப் பூஞ்சைக்கும் சேர்த்து ஒரே ரத்தப் பரிசோதனை இல்லையா?

பீட்டா டி குளுக்கான் என்று ஒன்று இருக்கிறது. நியூமோசிஸ்டிஸில் மிக அதிகமாக ஏறும், எச்.ஐ.வி. உள்ளவருக்கு இது நெகட்டிவ் என்றால் அந்த நிமோனியா இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எந்தப் பூஞ்சை என்று சொல்லாது, டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பொய்யாக ஏறும், கிரிப்டோகாக்கஸில் பெரும்பாலும் ஏறவே ஏறாது. விலையும் அதிகம். ‘ஃபங்கல் பேனல்’ என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து, கிராக் மட்டும் அதில் இல்லாமல் ரிப்போர்ட் வாங்கி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. காசு குறைவாக இருந்தால் முதலில் கிராக்.

வெளியே தனியார் லேபில் பார்க்கச் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. என்று சொல்லியே ஆக வேண்டுமா?

உங்களைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சரியான பரிசோதனையை எழுதுவார், அவரிடம் மறைக்காதீர்கள். லேபின் வரவேற்பு மேசையில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் உங்கள் ரகசியத்தையும், பாகுபாடில்லாமல் சிகிச்சை பெறும் உரிமையையும் காக்கிறது. சந்தேகம் இருந்தால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்; உங்கள் ஊர் நம்பிக்கை மையத்திலும் கேட்கலாம்.

பூஞ்சை இருப்பது தெரிந்ததும் எச்.ஐ.வி. மாத்திரையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அலட்சியமா?

இல்லை. கிரிப்டோகாக்கஸ் மூளை உறைக் காய்ச்சலில் மட்டும், பூஞ்சை மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் கூட்டு மருந்து தொடங்குவார்கள். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, சீக்கிரம் தொடங்கியவர்களில் இறப்பு அதிகம் என்று காட்டியது. எதிர்ப்பு சக்தி திடீரென்று விழித்து, மூளையில் இருக்கும் பூஞ்சையோடு மோதுவதால் வரும் வீக்கம் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மாத்திரை தொடங்கும் முன்பே கிராக் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதற்காகத்தான். வாயில் கேண்டிடா இருப்பதற்காகத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

கிரிப்டோகாக்கஸுக்குச் சிகிச்சை முடிந்து, எச்.ஐ.வி. மாத்திரையும் தொடங்கினார். இரண்டு மாதத்தில் மறுபடி தலைவலி. ஆன்டிஜென் இன்னும் பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லையா?

ஆன்டிஜெனை வைத்து அதைச் சொல்ல முடியாது. செத்த பூஞ்சையின் உறைத்துகள்கள் கரைந்து போக மாதங்கள் ஆகும். குணமானவருக்கும் பாசிட்டிவ் காட்டும். மைப் பரிசோதனையிலும் செத்த செல்லும் உயிருள்ள செல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் இந்தக் கட்டத்தில் கிராக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

உடனே முதுகில் நீர் எடுத்து, அழுத்தத்தை அளந்து, அதிகமாக இருந்தால் வடித்து, எடுத்த நீரைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். கல்ச்சரில் பூஞ்சை வளர்ந்தால் நோய் திரும்பிவிட்டது. ஃப்ளுகோனசோலை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று விசாரித்து, ஊசி மருந்தை மறுபடி தொடங்குவார்கள். இரண்டு வாரம் வைத்தும் ஒன்றும் வளரவில்லை, சிடி4 ஏறுகிறது, வைரல் லோடு இறங்குகிறது என்றால், தேறி வரும் எதிர்ப்பு சக்தி செத்த பூஞ்சையைப் பார்த்துச் சீறுகிறது என்று கொள்ளலாம். வீக்கத்தைக் குறைக்கச் சிலருக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். டி.பி. மூளை உறைக் காய்ச்சல் இல்லை என்று அதே நீரில் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரிசல்ட் வரும் வரை வீட்டில் காத்திருக்காமல் வார்டிலேயே இருங்கள். அழுத்தம் ஏறினால் மறுபடி வடிக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.